எடுத்துவிடலாமா, இன்னொரு டாக்டரைக் கேட்கலாமா?

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பெரியவர்கள் சொன்னது ஆற்றுக்கு மட்டுமல்ல, ஆபரேஷன் மேசைக்கும் பொருந்தும்.

ஓமலூர், தாரமங்கலம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் காதில் விழக்கூடிய பேச்சு ஒன்று உண்டு. தறி வேலையோ மரவள்ளிக்காட்டு வேலையோ செய்கிற நாற்பது வயதுப் பெண். மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு, அல்லது வெள்ளைப்படுதல். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையை எடுத்துடுங்க, விட்டா கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடும்" என்கிறார்கள். வீட்டிலோ, "ரெண்டு புள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?" என்கிறார்கள். "வேற டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமா?" என்று அவள் வாய் திறந்தால், "இந்த டாக்டரு கோவிச்சுக்குவாருங்க" என்று பதில் வருகிறது.

இன்னும் வராத நோய்க்குப் பயந்து உறுப்பை எடுப்பது, அதற்கு முன் இன்னொரு டாக்டரைக் கேட்கத் தயங்குவது. இந்த இரண்டுக்குமே பெரிய வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தொண்டையில் ஆரம்பிக்கிறது!

ஆயிரம் பிள்ளைகளில் மிஞ்சியது 65 பேர்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டாக்டர்களிடையே ஒரு கருத்து பரவியிருந்தது. டான்சில் சதையில் கிருமி தங்கி, அங்கிருந்து மூட்டுக்கும் இதயத்துக்கும் போகும் என்றார்கள். அதனால் பெரிய தொந்தரவு இல்லாத பிள்ளைகளுக்கும் முன்னெச்சரிக்கையாக டான்சிலை எடுத்தார்கள்.

1934ல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் ஓர் ஆய்வை வெளியிட்டது. நியூயார்க் பள்ளிகளில் 11 வயதுப் பிள்ளைகள் 1000 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். 'வேண்டாம்' என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அதில் 99 பேருக்கு வேண்டும் என்றார்கள். மிச்சம் 116 பேரை மறுபடியும் வேறு டாக்டர்களிடம் காட்டியபோது இன்னும் 51 பேருக்கு வேண்டும் என்றார்கள். கடைசியில் ஆயிரம் பேரில் தப்பித்தது வெறும் 65 பேர்!

ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 45 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் மாறினாலும் விகிதம் மாறவில்லை. அப்படியென்றால் முடிவு செய்தது பிள்ளையின் தொண்டையா, டாக்டரின் பழக்கமா?

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1938ல் டாக்டர் ஜேம்ஸ் குளோவர் பள்ளிக்கூடக் கணக்குகளைப் பார்த்தபோது, டான்சில் ஆபரேஷன்கள் ஊருக்கு ஊர் பல மடங்கு வித்தியாசப்பட்டன. ஹார்ன்சி என்ற இடத்தில் 1929ல் புதிய பள்ளி மருத்துவ அதிகாரி வந்த பிறகு ஆபரேஷன்கள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துபோயின. அதனால் பிள்ளைகளுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை.

கேள்வி கேட்ட ஒரு பத்திரிகையாளர்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மார்பில் கட்டி என்று போகும் பெண்ணை மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைப்பார்கள். கட்டியில் ஒரு துண்டை எடுத்து உடனே சோதிப்பார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் அவள் கண் விழிப்பதற்குள் மார்பகத்தையே அகற்றிவிடுவார்கள். கண் விழித்துத்தான் தனக்கு என்ன நடந்தது என்று அவள் தெரிந்துகொள்வாள்.

1974ல் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதற்குச் சம்மதிக்கவில்லை. "முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவை நான் யோசித்துச் சொல்கிறேன்" என்பதுதான் அவர் கேட்டது. பல டாக்டர்கள் மறுத்தார்கள். அவர் விடாமல் தேடி, சோதனையைத் தனியாக முடித்துக்கொண்டு, வேறு ஊரில் தனக்குச் சரியென்று பட்ட டாக்டரிடம் சிகிச்சை பெற்றார். 1979ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் இருந்தார். சோதனையையும் ஆபரேஷனையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான் இன்னொரு டாக்டரைப் பார்ப்பதற்கான நேரம்.

நம் நாட்டில்

1995ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர் உதிரப்போக்குக்காக மருத்துவமனைக்குப் போனார். சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோதே வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். இதுதான் சமீரா கோலி வழக்கு. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் சம்மதிக்க முடியாது என்றது. நஷ்டஈடாகக் கிடைத்தது 25,000 ரூபாய்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு இன்று எல்லா நோயாளிகளுக்கும் துணை நிற்கிறது.

இது தனி ஒருவரின் கதையோடு முடியவில்லை. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்படுவதாக டாக்டர் நரேந்திர குப்தா 2013ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். காப்பீட்டுப் பணம் ஒரு பக்கம், கேன்சர் பயம் இன்னொரு பக்கம். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் 2019ல் அரசுக் குழு கரும்பு வெட்டும் பெண்கள் சுமார் 82,000 பேரை விசாரித்தது. அவர்களில் 13,000 பேருக்கு மேல் கர்ப்பப்பை இழந்திருந்தார்கள். 2023 ஏப்ரல் 5 அன்று, தேவையற்ற கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

'இனி அது எதுக்கு?' என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் ஒரே நாளில் வந்துவிடும். எலும்பு பலவீனமாகும், இதய நோய்க்கான வாய்ப்பும் கூடும். உழைத்துப் பிழைக்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயமா?

அப்படியானால் எல்லா ஆபரேஷனும் தப்பா?

இல்லவே இல்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுக் கோளாறு தன்னிடம் இருப்பது பரிசோதனையில் தெரிந்த பிறகு, நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013ல் இரு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டார். அவருடைய தாய் புற்றுநோயால் இறந்தவர். அங்கே சோதனை இருந்தது, குடும்ப வரலாறு இருந்தது, யோசிக்க நேரமும் இருந்தது. அதேபோல் குடல்வால் வெடித்தவரோ, கருக்குழாயில் கரு தங்கி உள்ளே இரத்தம் கசிபவரோ இன்னொரு டாக்டரைத் தேடி அலையக்கூடாது. அது உயிரோடு விளையாடுவது.

ஆனால் 'பிற்காலத்தில் வரலாம்' என்று சொல்லப்படும் நோய்க்கு ஒரு வாரம் பொறுக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எளிய சோதனைகள் இருக்கின்றன. தமிழக அரசு 2007ல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை ஆரம்பித்து, 2012 முதல் மாநிலம் முழுவதும் அரசு மருத்துவமனைகளுக்கு விரிவுபடுத்தியது. சந்தேகம் இருந்தால் சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கலாம். வெறும் ஸ்கேனை மட்டும் வைத்துக் கேன்சர் என்று யாரும் முடிவு கட்ட முடியாது.

நியூயார்க் பிள்ளைகளின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. இரண்டாவது டாக்டரும் முதல் டாக்டர் மாதிரியே பழக்கத்தில் பேசினால் பயனில்லை. அதனால் ரிப்போர்ட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஆபரேஷனால் வருமானம் எதுவும் இல்லாத இடத்தில் கேட்பது நல்லது. ஓமலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பஸ் ஏறினால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். என்ன சோதனையில் இது உறுதியானது? ஆபரேஷன் இல்லாமல் மருந்தில் சரியாகுமா? ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயமும் வேண்டாம். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். 2018ல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதை ஓர் உரிமையாகவே சொல்கிறது.

நிலம் வாங்கினால் வில்லங்கம் பார்க்கிறோம், பொண்ணு கொடுத்தால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுப்பதற்கு மட்டும் ஒருவர் சொன்னால் போதுமா? எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. கேட்பதற்கு ஒரு பஸ் டிக்கெட் காசுதான் செலவு.