சிவப்பை அளந்த எண்: சன்ஸ்கிரீன் அளவீட்டின் வரலாறு

முகத்துக்கு வாங்கும் சன்ஸ்கிரீன் குழாயின் மேல் 30 என்றோ 50 என்றோ பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், வெயிலில் தோல் சிவந்து கன்றுவதை மட்டுமே அளக்கிறது. அந்த அளவு உருவான வரலாறு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், எளிதில் சிவக்கும் வெளிர் தோலை முன்னிறுத்தியே நடந்தது. அதனால் வெயில் தோலுக்குச் செய்யும் வேறு பல கேடுகள் நெடுங்காலம் அந்த எண்ணின் பார்வைக்கு வெளியிலேயே நின்றன. முகத்துக்கான களிம்பைத் தேர்ந்தெடுப்பவர் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் இந்த வரலாற்றைப் பொறுத்ததே.

தோலைச் சுடுவது வெயிலின் வெப்பம்தான் என்றே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பொதுவாகக் கருதப்பட்டது. ஜெர்மனியின் யேனா நகரில் யோகான் வில்ஹெல்ம் ரிட்டர் 1801இல் நிறமாலையின் ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத பகுதியிலும் வெள்ளி குளோரைடு கறுப்பதைக் கண்டார். பிற்காலத்தில் புற ஊதாக் கதிர் என்று பெயர் பெற்றது அதுவே. லண்டன் அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் 1820இல் தம் கைகளில் ஒன்றைக் கறுப்புத் துணியால் மூடி, மற்றதைத் திறந்த நிலையில் வெயிலில் வைத்திருந்தபோது, துணிக்கு அடியில் வெப்பம் மிகுந்திருந்தும் திறந்த கையே வெந்து போனது. இந்த எளிய சோதனை சுடுவது வெப்பமன்று என்பதைக் காட்டிய பின்னும், புற ஊதாக் கதிரே அதற்குக் காரணம் என்பதை ஸ்வீடன் நாட்டு மருத்துவர் எரிக் யோகான் விட்மார்க் ஆய்வகத்தில் நிறுவ 1889 ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, கடலோடிகளின் முகத்திலும் கைகளிலும் காணப்பட்ட தடிப்புகளையும் புற்றுநோயையும் நெடுநாள் வெயிலோடு தொடர்புபடுத்தி எழுதினார். ஆனால் அன்று வெயிலில் கிடந்து உழைத்தவர்கள் மாலுமிகளும் உழவர்களுமே ஆதலால், அவர்களுக்காகக் களிம்பு செய்து விற்க எந்த வணிகரும் முன்வரவில்லை.

வசதி படைத்தோர் விரும்பிப் போய் வெயிலில் படுக்கத் தொடங்கிய பிறகே அந்த வணிகம் தோன்றியது. 1920களில் வெயிலில் பழுப்பேறிய தோல் ஐரோப்பிய நாகரிகத்தின் அடையாளமாகி, 1936இல் பிரான்சில் தொழிலாளர்களுக்கும் ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டமானபோது, கடற்கரைகள் நிரம்பின. லோரியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த வேதியியலாளர் யூஜீன் ஷ்வெல்லர் 1930களின் நடுவில் சந்தைக்குக் கொண்டுவந்த ஆம்ப்ர் சோலேர் எண்ணெயும், அமெரிக்காவில் பெஞ்சமின் கிரீன் 1944இல் உருவாக்கிய காப்பர்டோனும் அந்தக் காலத்தவை. அவற்றிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே: தோல் கன்றக் கூடாது, ஆனால் பழுப்பேற வேண்டும். கன்றலை மிகுதியாக உண்டாக்குவது 300 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய அலைநீளப் பகுதி என்பதை ஹவுசர், வாலே என்னும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1922இல் அளந்து காட்டியிருந்தனர். இன்று யுவிபி எனப்படும் அந்தப் பகுதியை மட்டும் தடுத்துவிட்டு, அதனினும் நீண்ட அலைகளான யுவிஏ கதிர்களை உள்ளே விடும் வேதிப்பொருளே அன்றைய தேவைக்குப் போதுமானதாயிற்று. யுவிஏ தடுக்கப்படாமல் போனதற்கு அறியாமை ஒரு காரணம். பழுப்பின்மேல் இருந்த ஆசை அதைவிடப் பெரிய காரணம்.

எஸ்பிஎஃப் எண்ணும் இந்தச் சூழலில் பிறந்ததே. களிம்பு பூசாத தோல் சிவக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த கதிரளவைக் கொண்டு, பூசிய தோல் சிவக்கத் தேவைப்படும் கதிரளவை வகுத்தால் கிடைக்கும் ஈவே அது. ஜெர்மனியின் ருடால்ஃப் ஷுல்ட்சே இந்த விகிதத்தை 1956இல் ஒரு முறையாக வகுத்தார். பிட்ஸ் புயின் என்னும் ஆல்ப்ஸ் சிகரத்தில் ஏறியபோது வெயிலில் வெந்த பட்டறிவிலிருந்து பனிமலைக் களிம்பு ஒன்றைச் செய்தவராகச் சொல்லப்படும் ஆஸ்திரிய வேதியியலாளர் ஃபிரான்ஸ் கிரைட்டர் 1974இல் அதைப் பரவச் செய்தார். 1978இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தன் வரைவு விதிகளில் அதை ஏற்றது.

இன்றும் சோதனை பெரும்பாலும் மனிதத் தோலில்தான் நடக்கிறது. தன்னார்வலர்களின் முதுகில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் களிம்பைப் பூசி, சூரிய ஒளியை ஒத்த செனான் விளக்கொளியைச் சிறு வட்டங்களில் பாய்ச்சி, மறுநாள் எந்த வட்டம் சிவந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இவ்வளவு தடிமனாகப் பூசியதற்கே அட்டையில் உள்ள எண் பொருந்தும். நடைமுறையில் மக்கள் பூசுவது பெரும்பாலும் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் என்பதால், கிடைக்கும் காப்பும் அச்சிட்ட எண்ணுக்கு வெகு கீழே நின்றுவிடுகிறது. முகத்துக்கு மட்டும் ஒரு கிராமுக்குச் சற்று மேல் வேண்டும். தோல் மருத்துவர்கள் இரண்டு விரல் நீளத்துக்குக் களிம்பைப் பிதுக்கச் சொல்வது இதனாலேயே. எண்கள் ஏறும் வேகத்தில் காப்பு ஏறுவதும் இல்லை. சிவக்க வைக்கும் கதிர்களில் எஸ்பிஎஃப் 15 ஏறத்தாழ 93 விழுக்காட்டையும், 30 ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 ஏறத்தாழ 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. ஆகவே 30ஐ விட்டு 50ஐ வாங்குவதைக் காட்டிலும், வாங்கியதைத் தாராளமாகப் பூசுவதும் வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுவதும் கூடுதல் பயன் தரும்.

யுவிஏ கதிர்களைப் பற்றிய கவலை பின்னரே வலுத்தது. நிலத்தை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு யுவிஏதான். சன்னல் கண்ணாடியையும் பெருமளவு ஊடுருவும் இக்கதிர் தோலின் அடியடுக்கு வரை சென்று, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளைச் சிதைத்துச் சுருக்கங்களை உண்டாக்குகிறது. ஆனால் எளிதில் சிவக்க வைப்பதில்லை என்பதால் எஸ்பிஎஃப் எண்ணில் அதன் பங்கு மிகச் சிறிதாகவே பதிவாகிறது. யுவிஏவைத் தடுக்கும் அவோபென்சோன் 1970களில் ஐரோப்பாவில் உருவாகி, 1988இல்தான் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. 1996இல் ஜப்பான் யுவிஏ காப்பின் அளவைக் காட்ட, பிஏ என்ற எழுத்துகளுக்குப் பின் கூட்டல் குறிகளை இடும் முறையைக் கொண்டுவந்து, 2013இல் நான்காம் குறியையும் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் யுவிஏ காப்பு எஸ்பிஎஃப் எண்ணின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது; அதற்கு அடையாளமாக வட்டத்துக்குள் யுவிஏ என்ற முத்திரை வழக்குக்கு வந்தது. முகத்துக்கு வாங்குபவர் எஸ்பிஎஃப் எண்ணோடு சேர்த்தே பார்க்க வேண்டியவை இந்தக் குறிகள்.

நாள்தோறும் பூசுவதால் உண்மையில் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நாம்பூர் என்னும் சிற்றூரின் மக்கள் விடையளித்தார்கள். 1992இல் அங்கு 1,621 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை நாள்தோறும் முகம், கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூசவும், மற்றவர்களை வழக்கம்போல் இருக்கவும் செய்தனர். நாலரை ஆண்டுகளில் நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள் செல் புற்று என்னும் தோல் புற்றுக் கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. 2013இல் வெளியான தொடராய்வு, அவர்களில் 55 வயதுக்குட்பட்டோரின் புறங்கைத் தோலை அச்செடுத்து ஒப்பிட்டு, நாள்தோறும் பூசியவர்களுக்குத் தோல் மூப்பு 24 விழுக்காடு குறைவு என்று காட்டியது. அவர்கள் பூசியது எஸ்பிஎஃப் 16 அளவிலான களிம்பே என்பது மனத்தில் நிறுத்தத் தக்கது: பயன் தந்தது விடாத பழக்கம்.

எனினும் நாம்பூரின் மக்கள் பெரும்பாலும் வெளிர் தோலினர். பிலடெல்பியாவில் 1979இல் நடந்த ஓர் ஆய்வு, கறுப்பினத்தவரின் மேல்தோல் மட்டுமே ஏறத்தாழ 13 எஸ்பிஎஃப் அளவுக்குக் காப்பளிப்பதாகக் கண்டது. மெலனின் என்னும் நிறமியின் கொடை அது. பழுப்புத் தோலில் சிவப்பும் வெயிலால் வரும் புற்றும் குறைவு. அங்கே வெயிலின் கேடு பெரும்பாலும் நிறமாற்றமாகவே வெளிப்படுகிறது. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு அதில் மிகுந்த மனவேதனை தருவது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலிருந்து 2010இல் வெளியான ஆய்வு, புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் பழுப்புத் தோலில் நெடுநாள் நீடிக்கும் கருமையை உண்டாக்குவதையும், மிக வெளிர்ந்த தோலில் அது நிகழாததையும் காட்டியது. கிரிக்கெட் வீரர்களின் மூக்கில் வெள்ளைப் பட்டையாகத் தெரியும் துத்தநாக ஆக்சைடு அந்த ஒளியையும் தடுக்கும். முகத்தில் வெள்ளை தெரியாதிருக்க அதன் துகள்களை மிக நுண்ணியதாக அரைக்கும்போது அத்திறனில் பெரும்பகுதி போய்விடுகிறது. இரும்பு ஆக்சைடு என்னும் பழுப்பு, செம்மண் நிற நிறமியைச் சேர்த்த களிம்பு காணும் ஒளியைத் தடுப்பதோடு தோல் நிறத்தோடும் ஒன்றுகிறது. அத்தகைய களிம்பைப் பயன்படுத்திய மங்கு நோயாளிகளுக்கு, புற ஊதாக் கதிரை மட்டும் தடுக்கும் களிம்பைப் பயன்படுத்தியவர்களைவிடக் கூடுதல் பலன் கிடைத்ததாக 2014இல் மெக்சிகோவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. எஸ்பிஎஃப் எண்ணும் பிஏ குறியும் இந்தக் காப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதால், மங்கு உள்ளவர்கள் குழாயின் பின்புறம் சிறு எழுத்தில் உள்ள சேர்பொருள் பட்டியலில் இரும்பு ஆக்சைடு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.