முறைவழிச் சண்டையில் எதிர்வினை: ஒரு வரலாறு

முறைவழிச் சண்டை என்பது சதுரங்கத்தைப் போல ஒருவர் ஆடி முடித்த பிறகே மற்றவர் ஆடும் ஏற்பாடு ஆகும். பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகள் பலவற்றில் சண்டைகள் இவ்வாறே நடைபெறுகின்றன. அவசரமின்றிச் சிந்திக்க இடம் தருவது இதன் சிறப்பு. ஆனால், ஒருவரின் முறை நடக்கும்போது மற்ற அனைவரும் சிலைபோல் நிற்க வேண்டியிருப்பது இதன் குறை. வாளேந்திய காவலனின் கண்ணெதிரே எதிரி ஓடிப்போனாலும் காவலன் கையை உயர்த்த முடியாது. இக்குறையைப் போக்க உருவானவையே எதிர்வினை விதிகள். குறிப்பிட்ட ஒரு நிகழ்வு நேர்ந்தால், பிறர் முறையின் நடுவிலும் ஒரு செயலைச் செய்ய இவை அனுமதிக்கின்றன. அந்த நொடியில் முடிவெடுப்பது பகடையா, கணினியா, ஆடுபவரின் மதியா, அவரது விரலா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் வேறு விடை தந்தது.

பலகையில் தொடக்கம்

1970இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட பான்சர்பிளிட்ஸ் என்ற போர்ப் பலகை ஆட்டத்தில், பீரங்கி வண்டிகள் எதிரியின் பார்வையில் வெட்டவெளியைக் கடந்து அடுத்த காட்டுக்குள் புகுந்துகொள்ள முடிந்தது. எதிரியின் முறை வரும்போது அவை மறைவில் இருக்கும். ஆடுபவர்கள் இதைப் 'பான்சர்புஷ்' நோய் என்று கேலி செய்தனர். 1974இல் வந்த பான்சர் லீடர், நகரும் வண்டியை வழியிலேயே சுட எதிராளிக்கு உரிமை அளித்தது.

கணினிக்கு வந்தபோது

ஆங்கிலேய வடிவமைப்பாளர் ஜூலியன் கோலப் இக்கருத்தைக் கணினி உத்தி ஆட்டங்களில் வளர்த்தெடுத்தார். 1994இல் வெளியான எக்ஸ்-காம் ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் நேர அலகுகள் உண்டு. அவற்றைச் செலவழிக்காமல் மிச்சம் வைப்பவன் எதிரியின் முறையில் சுடலாம். சுடுவது யார் என்பதை இருவரின் அனிச்சை வேகமும் கையிலுள்ள அலகுகளும் முடிவு செய்யும். எதிர்வினைக்கு இங்கே ஒரு விலை வந்தது: பின்னால் சுட விரும்புபவன் இப்போது குறைவாகச் செயல்பட வேண்டும்.

இவ்விலை மலிவானால் ஆட்டம் கெடும் என்பதை 2012இல் வந்த அதன் மறு ஆக்கம் காட்டியது. பலர் ஓரிரு அடி நகர்ந்து, எல்லா வீரர்களையும் காவல் நிலையில் வைத்துக் காத்திருப்பதையே வழக்கமாக்கினர். 2016இல் வந்த எக்ஸ்காம் 2, பல பணிகளுக்கு முறை வரம்பு விதித்து அவர்களை முன்னே தள்ளியது.

ஜப்பானில் 1997இல் யாசுமி மட்சுனோ இயக்கிய பைனல் பேண்டசி டாக்டிக்ஸ் வேறு வழியை எடுத்தது. ஒவ்வொரு பாத்திரமும் ஓர் எதிர்வினைத் திறனை முன்கூட்டியே அணிந்துகொள்ளும். பெரும்பாலான திறன்கள் செயல்படும் வாய்ப்பு, பாத்திரத்தின் துணிவு எண்ணைப் பொறுத்தது. துணிவு 70 என்றால் 100க்கு 70 வாய்ப்பு. முடிவு சண்டைக்கு முன்பே எடுக்கப்பட்டது. சண்டையில் எஞ்சியது தற்செயல் மட்டுமே.

கேட்பதா, தானே செய்வதா

மேசையில் ஆடப்படும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2008ஆம் ஆண்டு நான்காம் பதிப்பு, செயலுக்கு முன் குறுக்கிடுவது, செயலுக்குப் பின் பதிலளிப்பது என எதிர்வினைகளை வகைப்படுத்தியது. குறுக்கீடுகள் பெருகியதும் சண்டைகள் நீண்டன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு ஓர் எதிர்வினை என்று சுருக்கியது.

மேசையில் கையை உயர்த்தி 'நிறுத்து' என்று சொன்னால் போதும். கணினி எப்போது நின்று கேட்பது? 2020இல் முன்னோட்டமாக வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்தில் எதிர்வினைகள் பெரும்பாலும் தாமாகவே நடந்தன. ஆட்டம் தடையின்றி ஓடியது. ஆனால் சிறு அடிக்குக்கூட அரிய மந்திரம் வீணாகும் நிலை இருந்தது. 2022 டிசம்பரில் லாரியன் நிறுவனம் இதை மாற்றியது. 'கேள்', 'கேட்காமல் செய்' என்று ஒவ்வொரு எதிர்வினைக்கும் ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாம். சோலாஸ்டா என்ற ஆட்டம் ஆடுபவரிடம் கேட்கும் முறையை அதற்கு முன்பே கையாண்டிருந்தது.

விரலின் வேகம்

இன்னொரு மரபு மதியை விட்டு விரலை நாடியது. 1996இல் வந்த சூப்பர் மாரியோ ஆர்பிஜி ஆட்டத்தில், அடி விழும் கணத்தில் பொத்தானை அழுத்தினால் சேதம் குறையும். பிரான்சின் சாண்ட்பால் நிறுவனம் உருவாக்கி 2025இல் வெளிவந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33 இதை ஆட்டத்தின் மையமாக்கியது. சரியான கணத்தில் தடுப்பவர் அடியிலிருந்து முழுதும் தப்புவார். ஒரு தாக்குதலின் எல்லா அடிகளையும் தடுத்தால் பதிலடியும் கொடுப்பார்.

எதிரியின் முறையிலும் ஆடுபவர் சும்மா இருப்பதில்லை என்பது இதன் ஆதாயம். இழப்பும் உண்டு. கை வேகம் இல்லாதவர்களும், கை நடுக்கமோ பார்வைக் குறைவோ உள்ளவர்களும் நாடிவந்த இடம் முறைவழி ஆட்டம். அங்கே யோசிக்க நேரம் இருந்தது. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அழுத்தாவிட்டால் தோல்வி என்றால், அந்த இடம் அவர்களுக்குச் சுருங்குகிறது.

ஆகவே எதிர்வினையை வடிவமைப்பவர் மூன்றைத் தீர்மானிக்க வேண்டும்: எது அதைத் தூண்டும், அதன் விலை என்ன, முடிவு யார் கையில். முதல் இரண்டும் ஆட்டத்தின் சமநிலையைத் தீர்மானிக்கின்றன. மூன்றாவது, அந்த ஆட்டத்தை யாரெல்லாம் ஆட முடியும் என்பதையே தீர்மானிக்கிறது.