அக்ரிலமைடு: விலங்கு ஆய்வுகள் காட்டும் உடல்நல விளைவுகள்

அக்ரிலமைடு, பாலிமர் தயாரிப்பில் பயன்படும் வேதிப்பொருள். உருளைக்கிழங்கு, தானிய உணவுகளை 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் பொரிக்கும்போதும் வறுக்கும்போதும் அவற்றிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் சர்க்கரையுடன் வினைபுரிவதாலும் இது உண்டாகிறது.

1997-இல் சுவீடனின் ஹாலண்ட்சோஸ் ரயில் சுரங்கத்தில் கசிவடைக்கச் செலுத்திய கலவையிலிருந்து அக்ரிலமைடு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, அந்த நீரைக் குடித்த மாடுகளுக்குக் கால்கள் முடங்கின. சுரங்கத் தொழிலாளர்களோடு ஒப்பிடுவதற்காகச் சோதிக்கப்பட்ட பிறரின் இரத்தத்திலும் அதன் தடயம் இருந்தது. எங்கிருந்து வந்தது? பொரித்த தீவனம் தின்ற எலிகளின் ஹீமோகுளோபினில் அதே தடயம் கூடியிருந்ததை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2002 ஏப்ரலில், மனிதர் உண்ணும் உணவுகளிலும் இது இருப்பதைச் சுவீடன் அறிவித்தது.

நரம்புப் பாதிப்பு அதற்கு முன்பே நன்கு அறியப்பட்டிருந்தது. எலியின் பின்பாதங்களில் மை தடவி, சிறிது உயரத்திலிருந்து தாளின்மேல் விழவிட்டு, தடங்களின் இடைவெளியை அளப்பார்கள். அக்ரிலமைடு கொடுத்த எலிகளின் கால்கள் அகன்று ஊன்றும். நீண்ட நரம்பிழைகளின் நுனிகள் முதலில் சிதைவதே காரணம். கூடுதல் அளவுகளில் ஆண் எலிகளின் விந்தணுக்கள் குறைந்தன. அவற்றோடு இணைந்த பெண் எலிகளின் வயிற்றில் கருக்கள் இறந்தன.

புற்றுநோய் ஆய்வுகளே அதிகம் விவாதிக்கப்படுபவை. இரண்டாண்டு குடிநீரில் கலந்து கொடுத்தபோது எலிகளுக்குத் தைராய்டு, பெண் எலிகளின் பால்சுரப்பி, ஆண் எலிகளின் விரையைச் சூழ்ந்த சவ்வு ஆகியவற்றில் கட்டிகள் தோன்றின. சுண்டெலிகளுக்கு நுரையீரலிலும் கண்ணருகே உள்ள ஹார்டீரியன் சுரப்பியிலும் வந்தன. கல்லீரலின் சிஒய்பி2இ1 நொதி அக்ரிலமைடைக் கிளைசிடமைடாக மாற்ற, அது டிஎன்ஏவுடன் ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி இல்லாத சுண்டெலிகளில் மரபணுச் சேதம் மிகக் குறைவு என்பது இவ்விளக்கத்துக்கு வலுவான சான்று. மனிதருக்கும் இந்த நொதி உண்டு. ஆகவே, நமக்கு ஹார்டீரியன் சுரப்பி இல்லையென்று இம்முடிவுகளை ஒதுக்கிவிட முடியாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-லேயே இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்னும் 2ஏ பிரிவில் சேர்த்தது.

ஆய்வுக்கூட அளவு வேறு, தட்டில் விழும் அளவு வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கட்டி தொடர்பான ஒப்பீட்டு அளவாக, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 170 மைக்ரோகிராமை எடுத்துக்கொண்டது. ஐரோப்பியரின் சராசரி உட்கொள்ளல் அதே கணக்கில் 0.4 முதல் 1.9 மைக்ரோகிராம். இடைவெளி 89 முதல் 425 மடங்கு. மரபணுவைத் தாக்கும் புற்றுக்காரணிகளுக்கு 10,000 மடங்கு இடைவெளி இருந்தால்தான் கவலை குறைவு என்று அந்த ஆணையம் கருதுகிறது.