நொய்யல் பற்றி ப்ராஜெக்டா? பிஎச்.டி ஆய்வேடுகளை இலவசமாகத் தேடுவது எப்படி?

திருப்பூர் சாயக்கழிவு பற்றி கூகுளில் தேடினால் செய்திகள்தான் கொட்டும். ஆய்வேடுகள் வேண்டுமென்றால் 'சோத்கங்கா' தளத்துக்குப் போகலாம். குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் இதில் உண்டு. கட்டணம் கிடையாது.

எப்படித் தேடுவது?

'பனியன்' என்று போட்டால் சிக்காமல் போகலாம். ஆங்கிலத்தில் 'நிட்வேர்', 'டையிங் எஃப்ளுயன்ட்', 'நொய்யல்' என மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்க.

எதைக் கவனிக்கணும்?

முதலில் ஆண்டு. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதற்கு முன் எடுத்த நீர் அளவீட்டை இன்றைய நிலை என எழுதினால் ப்ராஜெக்டே தப்பாகிவிடும். அடுத்து, கடைசியில் உள்ள நூற்பட்டியல். அதை நூலகரிடம் காட்டினால் மீதி வழி தெரிஞ்சிடும்.