முன்சக்கரமும் தோட்டத் தமிழரும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலையும் கங்காணியையும் தொழிற்சங்கத்தையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். லயத்து அஞ்சடியில் ஞாயிறு காலையில் கழற்றப்பட்ட மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் ஏட்டில் ஏறத்தக்க செய்தியன்று என எண்ணினர் போலும். மெர்லிமாவ் போன்ற வட்டாரங்களின் தோட்ட வாழ்வை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

1888ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பார் காற்றடைத்த டயரை உருவாக்கினார். மிதிவண்டிக்கும் பின்னர் மோட்டார் வண்டிக்கும் ரப்பர் தேவைப்பட்டது. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். அடுத்து, மெர்லிமாவ் அமைந்துள்ள அதே ஜாசின் மாவட்டத்து ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. பால்மரம் சீவத் தமிழர் வந்தனர். 1910இல் ஒப்பந்த முறை ஒழிந்தது; 1938இல் கங்காணி வழி ஆளெடுப்பும் நின்றது. ஆயினும் தாம் சீவிய பாலினால் ஆன டயர் தம் வீட்டு வாசலில் நிற்கும் நிலை எளிதில் வரவில்லை.

அதற்கு வழி செய்தது 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். அவ்வாண்டே அந்நாட்டுக்குச் சென்ற பினாங்கு வணிகர் லோ பூன் சியூ, ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொணர்ந்தார். இளமையில் பேருந்து கழுவிப் பிழைத்தவர் அவர். 'கப்' என்பதோடு சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று என்பர். கையால் கிளட்சு பிடிக்க வேண்டாத அவ்வண்டி, பால் தோம்பையும் மனைவி மக்களையும் ஒருங்கே சுமந்தது.

பட்டறையோ பட்டணத்தில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டியவனுக்கு வண்டி ஓடாத நாள் கூலி இல்லாத நாளாகிவிடக்கூடும். ஆகவே அவன் தானே ஸ்பானரை எடுத்தான்.

வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, எஞ்சினின் அடியில் மரக்கட்டையொன்றை முட்டுக் கொடுப்பர். முதலில் வேகமானியின் கம்பியையும் பிரேக் கம்பியையும் விடுவிக்க வேண்டும். பின்னர் அச்சின் மரையைத் தளர்த்தி அச்சை உருவினால் 17 அங்குலச் சக்கரம் கைக்கு வந்துவிடும். கழற்றுதல் எளிது; மாட்டுதலே அறிவு வேண்டும் வேலை. பிரேக் தட்டு சுழலாதபடி அதனை முன்கவையோடு பிணைக்கும் பகுதி தன் இடத்தில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிடில், பிரேக்கைப் பிடித்த கணத்தில் தட்டும் சக்கரத்தோடு திரும்பிக் கம்பியை முறுக்கும். சக்கரம் இறுகி நின்று ஓட்டுநரைத் தூக்கி எறியவும் கூடும். செம்மண் சாலையின் இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. எனவே மாட்டியபின் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பது தவறாத வழக்கமாயிற்று. தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதே 1973இல்தான் என்பதை நினைவிற் கொள்க.

ஒரு கேடும் இதில் கலந்திருந்தது. பிரேக் கட்டையில் படிந்த தூசியை வாயால் ஊதித் தள்ளி, உப்புத்தாளால் தேய்ப்பர். அக்காலப் பிரேக் கட்டைகளில் கல்நார் பரவலாகச் சேர்க்கப்பட்டது. அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதை இன்று அறிவோம். அருகில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்த சிறுவனும் அதனையே சுவாசித்தான். ஈரத் துணியால் துடைத்திருந்தாலே பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

அச்சிறுவர்கள் இயந்திரத்தைக் கண்டு அஞ்சாதவராய் வளர்ந்தனர். பள்ளியில் இயந்திரவியல் பயிலாதவனும் மரையின் இறுக்கத்தை விரலால் உணர்ந்தான். இதனைக் கல்வி என்று கூற யான் தயங்கேன். 1970களில் மலாக்காவின் பத்து பெரண்டாமில் தொழிற்சாலைகள் எழுந்தன. பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை பரவியது. தோட்ட இளைஞர் பலர் அதே கப்சாயில் ஏறி, இரவு வேலைக்கும் பகல் வேலைக்குமாக அவ்வாலைகளை நோக்கிச் சென்றனர்.