இராக முத்திரை (முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகள்)

இராக முத்திரை என்பது, ஒரு பாடல் எந்த இராகத்தில் அமைந்திருக்கிறதோ அந்த இராகத்தின் பெயரைப் பொருள் கெடாமல் சாகித்தியத்துக்குள்ளேயே பதித்துவைக்கும் முறை. கர்நாடக இசையில் இதை மிகுதியாகவும் நுட்பமாகவும் கையாண்டவர் முத்துசாமி தீட்சிதர். திருவாரூரில் பிறந்த அவர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய நினைவிடம் அவ்வூரில்தான் இருக்கிறது. 'குருகுஹ' என்ற அவருடைய சொந்த முத்திரையைக் கேட்டவுடன் கண்டுகொள்ளலாம். இராகத்தின் பெயரோ பல பாடல்களில் தேடுகிறவருக்கே அகப்படும்.

எல்லா இடத்திலும் மறைப்பு ஒரே அளவில் இல்லை. 'வாதாபி கணபதிம்' பாடலில் ஹம்ஸத்வனி என்ற பெயர் முழுதாகவே வருகிறது. 'ஹிரண்மயீம்' பாடலில் லக்ஷ்மியைக் குறிக்கும் சொல்லாக லலிதா நிற்கிறது. இவை எளியவை. அடுத்த படியில், பெயர் பாட்டின் பொருளுக்குள் கரைந்துவிடுகிறது. தில்லைக் கூத்தனைப் பாடும் 'ஆனந்த நடன ப்ரகாசம்' கேதார இராகம். அந்தப் பெயரை, கேதாரம் முதலிய தலங்களுக்கு ஆதாரமானவன் என்று இறைவனைச் சொல்லுமிடத்தில் வைத்திருக்கிறார். திருத்தணியில் பாடிய முதல் கிருதியான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வில், மாளவம், கௌளம் முதலிய தேசங்களின் அரசர்கள் வணங்கும் பாதம் என்ற வருணனைக்குள் மாயாமாளவகௌளை அமர்ந்திருக்கிறது. 'ரங்கபுர விஹார'வில் பிருந்தாவன சாரங்கா. சாரங்கம் என்றால் யானை என்றும் பொருள் உண்டு. யானை வேந்தனுக்கு வரமளித்தவன் என்ற தொடரைப் பிரித்தால்தான் இராகம் வெளிப்படும்.

இவற்றுள் தலைசிறந்தது நவக்கிரகக் கீர்த்தனைகளில் முதலாவதான 'சூர்யமூர்த்தே'. இராகம் சௌராஷ்டிரம். சூரியனைப் போற்றும் பாட்டுக்குள் ஒரு நாட்டின் பெயர் இயல்பாக நுழைய வழியில்லை. தீட்சிதர் அதற்கு 'சௌராஷ்டார்ண' என்று ஒரு தொகைச்சொல்லை அமைத்தார். சௌர, அஷ்ட, அர்ண என்று பிரித்தால் 'சூரியனுக்குரிய எட்டெழுத்து' என்று பொருள். அந்த எட்டெழுத்து மந்திரத்தின் வடிவே என்று தேவனை விளிக்கிறார். சேர்த்துக் கேட்டால் காதில் விழுவது இராகத்தின் பெயர். மந்திர சாத்திரம், இலக்கணம், இசை மூன்றும் ஒரே சொல்லில் பொருந்திய இடம் இது. இராகத்தின் பெயருக்காகப் பொருள் வளைக்கப்படவில்லை என்பதுதான் இதன் பெருமை.

இவ்வாறு மறைந்து வருவதைச் சூசித இராக முத்திரை என்பர். கண்டுபிடிக்க முதலில் சந்தியைப் பிரிக்க வேண்டும். தொகைச்சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்க வேண்டும். சொல்லின் எல்லையைத் தாண்டியும் படிக்க வேண்டும். 'மஹாகணபதிம்' பாடலில் நாடகம் முதலியவற்றை விரும்புகிறவன் என்ற இடத்தில் 'நாட' இராகம் தலைகாட்டுகிறது. ராமனை மணிக்கோலம் அணிசெய்யும் மண்டபத்தில் காட்டும் 'மாமவ பட்டாபிராம'வில் மணிரங்கு இருக்கிறது. ஆனாலும் இரண்டு எழுத்து ஒத்தவுடனே முத்திரை என்று முடிவுகட்டுவது தவறு. பெயர் பொருளோடு இணங்கி நிற்க வேண்டும். பாடப்படும் இராக மரபும் அதை ஒப்ப வேண்டும். முத்திரையை மட்டும் வைத்து ஒரு பாடல் தீட்சிதருடையதுதான் என்று தீர்ப்பளிக்கவும் முடியாது. பின்னால் வந்தவர்களும் அதைப் பதித்திருக்கலாம்.

தமிழ்ச் செய்யுளுக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், சொல்விளையாட்டுச் செய்யுள்களான மிறைக்கவிகளில் கரந்துறைச் செய்யுளைச் சொல்கிறது: ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். அக்கரச் சுதகத்தில் ஒரு சொல்லிலிருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்க, மிஞ்சுவது ஒவ்வொன்றும் பொருள் தரும். ஆனந்தபைரவியில் அமைந்த 'த்யாகராஜ யோக வைபவம்' கிருதியின் பல்லவி இதற்கு நெருங்கிய உறவு. முன்னிருந்து குறைந்துகொண்டே போக, எஞ்சும் தொடரும் பொருள் இழப்பதில்லை.

எட்டயபுரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பாடல்கள் இரண்டு. வறண்ட கரிசல் பூமியில் மழை வேண்டிப் பாடியதாக வழங்கும் 'ஆனந்தாம்ருதாகர்ஷிணி'யில், அமுதம் பொழிகிறவள் என்று தேவியைச் சொல்லும் சொல்லே அமிருதவர்ஷிணி என்ற இராகப் பெயர். மழை வந்தது மரபுக் கதை. முத்திரை சாகித்தியத்தில் உள்ளது. மற்றொன்று, அவர் உயிர் பிரியும் வேளையில் சீடர்கள் பாடியதாகச் சொல்லப்படும் 'மீனாக்ஷி மே முதம் தேஹி'. இன்று இதைப் பூர்விகல்யாணி என்று பாடுகிறார்கள். சாகித்தியமோ, வீணையில் பத்துவகைக் கமகம் இசைப்பவள் என்று மீனாட்சியைச் சொல்லுமிடத்தில் 'கமகக்ரியா' என்கிறது. தீட்சிதர் மரபில் அந்த இராகத்தின் பெயர் அதுதான். இங்கே முத்திரை அலங்காரமாக மட்டும் நிற்கவில்லை, சான்றாகவே நிற்கிறது.

தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் சுவீகார புத்திரனுமான சுப்பராம தீட்சிதர், குடும்பத்தில் காத்துவந்த பாடல்களைச் சுரக்குறிப்போடு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற நூலாகத் தொகுத்தார். தெலுங்கு எழுத்தில், எட்டயபுரத்திலேயே அச்சாகி 1904இல் அது வெளிவந்தது. சென்னை மியூசிக் அகாதெமி பிற்காலத்தில் அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. கச்சேரி நிகழ்ச்சிநிரலில் 'மீனாக்ஷி'க்கு எதிரே பூர்விகல்யாணி என்று அச்சிடுகிறவர்கள், பாட்டிலேயே பதிந்துள்ள கமகக்கிரியா என்ற பெயரையும் அருகில் சேர்த்து அச்சிட வேண்டும்.