ஏடும் இணையமும்

ஏட்டுச் சுவடிகளில் மூலம் எது, பெயர்த்தெழுதியவர் மாற்றியது எது என்று அறிவது அரிதாயிருந்தது. 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், அதன்பொருட்டு நெல்லைச் சீமையிலும் சுவடி தேடி அலைந்தார். பாடங்களை ஒப்புநோக்கித் தெளிந்தார்.

இணையத்தின் தொடக்க நாட்களிலும் இத்தகைய குறை இருந்தது. உரையும் பக்க அமைப்பும் ஒரே கோப்பில் பிணைந்திருந்தன. திருத்தியதும் பழையது மறைந்தது. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் வந்தபின், உரை தரவுத்தளத்திலும் வடிவம் தனி வார்ப்புருவிலும் அமைந்தன. 2003-இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி, ஒவ்வொரு திருத்தத்தையும் நாள், நேரத்துடன் காக்கிறது. பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தையைப் பற்றி அவ்வூரார் எழுதும் செய்தியை அயல்நாட்டார் திருத்தினும், முன்னைய பாடம் அழிவதில்லை.

பாடங்களைக் காப்பது பொறியின் பணி. மெய்யானதைத் தேர்வது, ஐயரவர்கள் காட்டிய வழியில், நம் பணியே.